இரண்டு வினாடி

கால்பந்து நேரலைக்கு ரசிகர்களே வர்ணனை செய்யட்டும் என்று எங்கள் டிவி சேனல் முடிவு செய்ததில், ஒலிப் பிரிவில் இருக்கும் எனக்கு எரிச்சல்தான். முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. முப்பது வருடமாக ஒரே அணியைப் பார்க்கிறாராம்.

ஆட்டம் தொடங்கியதும் குரல் படத்தை முந்தியது. அவர் “இடது பக்கம் தள்ளிட்டான்” என்ற பிறகுதான் பந்து இடது பக்கம் போனது. இயந்திரக் கோளாறு என்று குரலை இரண்டு வினாடி தாமதப்படுத்தினேன். கொஞ்ச நேரத்தில் நாலு வினாடி முந்தியது. இந்த ஆள் எதையோ நோண்டிவிட்டார் என்று கடுகடுப்புடன் அவர் அறைக்குள் போனேன்.

திரையில் பெனால்டி. உதைப்பவன் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

“மேல அடிச்சிட்டான், பாவி” என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் அவன் ஓடினான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

அவர் பக்கம் திரும்பினேன். “எப்படிண்ணே?”

“பயந்தா அவனுக்கு வலது தோள் அரை இஞ்ச் ஏறும், தம்பி.”

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, நான் சேர்த்திருந்த இரண்டு வினாடியை எடுத்துவிட்டேன்.