சுண்ணாம்பு கொட்டிய தொட்டி

காங்கேயம் ரோட்டு மருந்துக் கம்பெனியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு மெர்சிதான் பொறுப்பு. சாயப்பட்டறையிலிருந்து வந்த புது மேலாளர் செங்கோடன், அங்கே பழகிய கையால் தொட்டியில் முதலிலேயே சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அம்மணி. வால்வைத் தொறந்து வெளிய உடுங்க."

"சாயம் கண்ணுக்குத் தெரியுமுங்க, மருந்து தெரியுமுங்களா? பெராக்சைடும் இரும்பு உப்பும் சேர்ந்தாத்தான் அதை உடைக்கும். அதுக்குத் தண்ணி புளிப்பா இருக்கோணும். சுண்ணாம்பு போட்டா இரும்பு அடியில படிஞ்சுபோயிருமுங்க. அமிலம் உட்டு மறுக்கா ஆரம்பிக்கோணும்."

"அதுக்குள்ள தொட்டி நெறஞ்சா கம்பெனியே நிக்குமுங்க!"

"நிக்கட்டுங்க. கீழ இருக்கறது குடிக்கற கெணறு."

மெர்சி வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, அமில மோட்டாரை ஓடவிட்டாள்.