தூய்மைக் கட்டணம்

சனியன் பிடித்த அந்தப் பதிவுத் தகட்டைப் படகின் முகப்பில் திருகி மாட்டிவிட்டுக் கிளீட்டஸ் காறித் துப்பினான். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக் காயலைச் சுற்றிக்காட்டும் உல்லாசப் படகுக்கெல்லாம் இனிப் பேரூராட்சியில் பதிவாம். கட்டணம் கட்டாத படகு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். எதற்கய்யா கட்டணம் என்றால், காயலைச் சுத்தமாக வைத்திருக்கவாம். கேட்டவன் வாயாலா சிரிப்பான்?

வேறு சமயமென்றால் போங்கடா என்று விட்டிருப்பான். ஆனால் இந்த வருஷம் அந்தோனியார் திருநாளுக்குக் குலுக்கல் சீட்டு அவன் படகுக்கு விழுந்திருந்தது. அந்தோனியாரின் சொரூபச் சிலையை ஏற்றி அக்கரையிலுள்ள குருசடிச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோகிற பாக்கியம் அவனுடைய அப்பனுக்குச் சாகும்வரை வாய்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். பணத்தை வாங்கிப் போட்ட பேரூராட்சி கிளார்க் ஜாஸ்பர் இதே கோயில் பங்குக்காரன்தான், திருநாள் கமிட்டியிலும் இருக்கிறான்.

சொரூபம் ஏறும் படகைத் திருநாள் விடியலில் காயல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும், அது ஊர் முறை. வாளியோடு போன கிளீட்டஸின் மனைவி டெல்சி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கேட்டியளா, வந்து பாருங்க! பேரூராட்சிக்க கக்கூஸ் லாரி மொத்தத்தையும் தொறந்து விட்டுட்டு இப்பதான் போவுது!"

கரையோரம் கறுத்துக் கொழகொழவென்று கிடந்தது. டயப்பர் ஒன்று தகட்டை உரசியபடி மிதந்தது. கிளீட்டஸ் கழியால் அதைத் தள்ளிவிட்டான்.

வெள்ளை வேட்டியும் கமிட்டி பேட்ஜுமாக வந்த ஜாஸ்பர் கைக்குட்டையை எடுத்தான். "குழாய்த் தண்ணில கழுவிரு மக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தோனியாருக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா லே? இந்தப் பீத்தண்ணி மேலயா அவர ஏத்திட்டுப் போவச் சொல்லுக?"

"எளவு, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க. நாளைக்கு ஆபீசுல சொல்லுகேன்."

"துட்டு வாங்கும்போ நாளைக்குன்னு சொன்னியா?"

கிளீட்டஸ் தகட்டைக் கழற்றி மடியில் செருகினான். படகைக் கரையில் இழுத்துக் கவிழ்த்தான். அப்பன் நினைவு வந்தது. பிறகு வாளி நிறைய அந்தத் தண்ணீரை மொண்டு டெல்சியிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனான்.

"பாதர், எந்தப் படகும் வேண்டாம். தோள்ல தூக்குவோம்."

காயலைப் பார்க்கக் கிளம்பிய பாதர் நாற்றம் தாங்காமல் பாதி வழியிலேயே நின்று, சரியென்று தலையசைத்தார்.

சொரூபத்தைத் தாங்கிய சப்பரம் ஆட்களின் தோளில் பாலம் சுற்றி ரோட்டு வழியே போனது. முன் தண்டில் கிளீட்டஸ். பேரூராட்சி ஆபீசைத் தாண்டியதும் தண்டை அடுத்தவன் தோளுக்கு மாற்றிவிட்டு, டெல்சியிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"லே, என்ன செய்யப் போற?" ஜாஸ்பர் ஓடிவந்து படியில் ஏறி மறித்தான்.

"கழுவ வேண்டியத கழுவுகேன்."

பூட்டிய கதவிலிருந்து கடைசிப் படிவரை ஊற்றினான். தகட்டையும் அதிலேயே போட்டான். "சாமி ஏறாத படகுக்கு இது எதுக்கு? நீங்களே வச்சுக்கிடுங்க."

ஜாஸ்பரின் வேட்டி கறுத்திருந்தது. அப்படியே ஓடிப்போய்ச் சப்பரத்துத் தண்டைப் பிடிக்கப் போனான். பிடித்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்து அவனை விலகச் சொன்னார்கள்.