தகரத்து மாதுளை

தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரும் பழமரத்தை மண்ணில் நட்டதில்லை. வீடு நிர்வாகத்தினுடையது. காலி செய்யச் சொன்னால் மரத்தையும் பிடுங்கிக்கொண்டா போக முடியும்? அதனால் எலுமிச்சையோ மாதுளையோ, எல்லாம் எண்ணெய்த் தகரத்தில்தான். புஷ்பவள்ளி கல்யாணமாகி வந்த வருடம் வைத்த மாதுளையும் அப்படித்தான் நின்றது. தோட்டம் கைமாறி, செம்பனைக் காட்டோரமாகச் சொந்தத்தில் ஒரு வீடு கிடைப்பதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் கணவர் தர்மராஜுக்கு இடது கால் போய்விட்டது.

இனிப்புநீர் வியாதி. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, காலை எடுக்கக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கண் விழித்தவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அன்றிலிருந்து சோறு, தண்ணீர், மருந்து என்பதற்கு மேல் அவளிடம் பேச்சில்லை. மிஞ்சிய காலில் எந்நேரமும் காலுறை. துடைத்துவிடக்கூட அவளைத் தொட விடமாட்டார்.

புதுவீட்டு வாசலில் தகரத்தைப் பிளந்தாள். உள்ளே மண் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வேர்கள் ஒன்றையொன்று சுற்றி, தகரத்தின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தன.

பக்கத்து வீட்டு இராஜமாணிக்கம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “சுத்துன வேரைக் கத்தியால கீறி விடும்மா. இல்லாட்டி அது எங்க மண்ணைப் புடிக்கப் போவுது?”

அவள் கத்தியை எடுத்தாள். சக்கர நாற்காலியிலிருந்து தர்மராஜின் குரல் வந்தது.

“வெட்டு, வெட்டு. மரம்தானே. அதுகிட்ட கேட்டுட்டா வெட்டப் போற?”

“வேருக்கு வலிக்குமா என்ன, தர்மா?” என்றார் இராஜமாணிக்கம்.

“வெட்டுறவங்களுக்கு என்னிக்குலா வலிச்சிருக்கு?”

புஷ்பவள்ளி கத்தியைக் கீழே வைத்தாள். இதிலாவது அவர் மனம் கோணாமல் இருக்கட்டும். வேர்ப்பந்தை அப்படியே குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தாள். அன்றைக்கு அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

வெயில் காலத்தில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. குடம் குடமாக ஊற்றியும் துளிர்க்கவில்லை. பிறகு ஒரு மாலை, காற்றும் மழையும் சேர்ந்தடித்ததில் மரம் சாய்ந்தது. அவள் ஒரு கையால் தூக்கினாள்; வந்துவிட்டது. வேர்கள் இன்னும் தகரத்தின் வடிவத்திலேயே இருந்தன.

தர்மராஜ் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். “சுத்தி இவ்ளோ மண்ணு. ஒரு வேருகூட வெளிய போவலையா?”

“போவலங்க.”

நீங்கதானே கீற விடல என்ற வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தர்மராஜ் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காலுறையை மெல்ல உருவினார். இரண்டு விரல்கள் கரியாகியிருந்தன. கருமை பாதம் வரை ஏறியிருந்தது. கூரைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று சில நாட்களாக அவள் தேடிக்கொண்டிருந்த நாற்றம் அதுதான்.

“ஏங்க சொல்லல?”

“பாத்தா வெட்டச் சொல்லுவ.”

அவள் வேலிப் பக்கம் ஓடி இராஜமாணிக்கத்தை வண்டி எடுக்கச் சொன்னாள். திரும்பி வந்தபோது தர்மராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை காய்ச்சலில் கொதித்தது.

“இந்தத் தடவை நானே கையெழுத்துப் போடுறேன்” என்றார். பிடியை விடாமலேயே, “முடியலன்னா நீ போடு, வள்ளி.”

வழி நெடுக மழை. தெமியாங் வரும்போதே அவர் பிடி தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பேரைச் சொன்னதேயில்லை. அவர் கண் திறக்கவில்லை.

கையில் அப்பியிருந்த மாதுளை மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட அவள்தான் உள்ளே போனாள்.