பதினோராம் படையின் தோல் மாட்டி

என் அக்கா கணவர் எக்பெர்ட்டுக்குக் கத்தி என்றாலே ஆகாது. ஆனால் எங்கள் காசல் நகரத்தில் பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் அவர் வீட்டுக்கு வழி சொல்வார்கள். அவர் சேர்த்தது பயனெட் அல்ல. துப்பாக்கி முனையில் செருகும் அந்தக் கத்தியின் உறையைச் சிப்பாயின் இடைவாரில் தொங்கவிடுவதற்கு ஒரு தோல் மாட்டி உண்டு. அதை மட்டும்தான் சேர்த்தார். மேலே வார் நுழைய ஒரு வளையம், கீழே உறை இறங்க ஒரு பை, பக்கத்தில் ஒரு தையல், சில செப்பு ஆணிகள். அவ்வளவுதான் அது.

"எல்லாரும் கத்தியைத் தேடி அலையறாங்க. நீங்க மட்டும் அது தொங்கினதைத் தேடறீங்களே, மச்சான்" என்று நான் சீண்டுவேன்.

"கத்தியை எவனும் பத்திரமா வச்சுப்பான். தோலைத்தான் எலிக்கு விட்டுடறான்" என்பார்.

அவர் அதைப் பார்த்துக்கொண்ட விதம் தனி. மாட்டியை இரும்பு உறையோடு சேர்த்து வைக்கவே மாட்டார். தோலில் இருக்கும் புளிப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அந்தத் துரு திரும்பித் தோலைத் தின்னும் என்பார். எண்ணெய் பூசினேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பழைய தோல் நைந்துபோகுமே என்று முகம் சுருங்கிவிடும். செப்பு ஆணியைச் சுற்றிப் படியும் பச்சை மெழுகைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டுவார். பை சப்பிப்போகாமல் இருக்க உள்ளே மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைப்பார். பிளாஸ்டிக் பை அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

கண்ணாடி அலமாரியின் நடுவில் இருந்தது 1915ஆம் வருஷத்து மாட்டி. பழுப்புத் தோல். பின்பக்கம் பதினோராம் படையின் உடைக்கிடங்கு முத்திரை. அந்தக் கிடங்கு எங்கள் ஊரிலேயே இருந்தது. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் அக்கா ரோஸ்விதா ஃபுல்டா ஆற்றங்கரைச் சந்தையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தது அது. அக்கா அப்போது கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள்.

விருந்தாளி யார் வந்தாலும் எக்பெர்ட் அதை வெளியே எடுப்பார். முத்திரையைக் காட்டுவார். பிறகு தையலின் மேல் விரலைப் படாமல் ஓட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ஒரு தையலாவது கோணலா இருக்கான்னு பாருங்க. வெளியில போர் நடக்குது, ரொட்டிக்குப் பஞ்சம். அப்பவும் அந்த ராணுவத் தையல்காரனோட கை நடுங்கல."

அக்கா காபி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எக்பெர்ட்டின் பழைய கூட்டாளி ஃபோல்க்மார் புதிதாக வாங்கிய புற ஊதாக் கதிர் விளக்கோடு வந்தார். அவரும் மாட்டி சேர்ப்பவர். அந்தக் காலத்து நூல் இந்த வெளிச்சத்தில் மங்கலாகவே கிடக்கும், நம் காலத்து நூல் பளிச்சென்று நீல வெள்ளையாக மின்னும், போலியைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்று விளக்கினார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டோம். மேல் தட்டில் எல்லாமே மங்கலாக இருந்தன. எக்பெர்ட் பரீட்சையில் தேறிய பையனைப் போல் நின்றார். விளக்கு நடுத்தட்டுக்கு வந்தது. 1915இன் பக்கத்தையல் முழுக்க, வரிசைப் பல் மாதிரி, பளபளவென்று சிரித்தது.

ஃபோல்க்மார் எக்பெர்ட் பக்கம் திரும்பினார்.

"எக்பெர்ட், நான் சொல்லித்தான் ஆகணுமா?"

"வேணாம். எனக்கும் கண்ணு இருக்கு."

எக்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ரோஸ்விதாகிட்ட மூச்சு விடாதீங்க. பாவம், எனக்காக ஆசையா தேடி வாங்கினா. எவனோ ஒரு பய அவளை ஏமாத்தி வித்திருக்கான். இது இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

அதைச் சொல்லி முடிக்கவில்லை, அக்கா பிளம்ஸ் கேக் தட்டோடு உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன இது, பட்டப்பகல்ல இருட்டு? யாராவது செத்துட்டாங்களா?"

ஃபோல்க்மாருக்குக் கை ஓடவில்லை. விளக்கை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து பார்த்தாள்.

"அட, என் நூல்" என்றாள்.

"உன் நூலா?" என்றார் எக்பெர்ட்.

"பின்ன? வாங்கும்போது பக்கம் பூரா பிரிஞ்சு வாயைப் பொளந்துகிட்டு இருந்துச்சு. பிறந்தநாளும் அதுவுமா கிழிஞ்சதையா குடுப்பாங்க? பழைய ஓட்டையிலயே ஊசியை விட்டுத் தச்சேன். புதுசா ஒரு ஓட்டை போடல. என் தையல் பெட்டியில இருந்த வெள்ளை நூல்தான். டீத்தண்ணியில ஊறப்போட்டதும் பழசாட்டம் ஆயிடுச்சு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ அந்த ராணுவத் தையல்காரனைப் புகழ ஆரம்பிச்சுட்ட. மொதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்புறம் கேக்க நல்லா இருந்துச்சு. நான் தச்ச திரைச்சீலையைப் பத்தி ஒருநாளாவது நீ இப்படிப் பேசியிருக்கியா?"

எக்பெர்ட்டின் முகம் காது வரை சிவந்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஃபோல்க்மார் திரையை விலக்கிவிட்டு, பூதக்கண்ணாடியோடு மாட்டியை ஜன்னலோரம் கொண்டுபோனார். ஆணிகளைப் பார்த்தார், முத்திரையின் ஓரங்களைப் பார்த்தார், தையல் ஓட்டைகளைப் பார்த்தார். பழைய நூல் இழுத்து இழுத்து அந்த ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. "தோல் அசல். ஆணி அசல். முத்திரை அசல்" என்றார். அவர் குரலில்தான் எவ்வளவு நிம்மதி. பிறகு பொறுப்போடு இதையும் சொன்னார்.

"இந்த நூலைப் பிரிச்சுட்டு, சணல் நூலால முறையா தச்சுடலாம். அதுதான் சரி. எனக்கு ஆள் தெரியும்."

வேறு யார் வீட்டு மாட்டியாக இருந்தாலும் எக்பெர்ட்டே அதைத்தான் சொல்லியிருப்பார்.

"கை வைக்க விடமாட்டேன்" என்றார். "மொதல்ல ஒருத்தன் தச்சான், பிஞ்சுபோச்சு. இவ தச்சா, நிக்குது. இதுல சரி பண்ண என்ன இருக்கு?"

"அப்போ யாராவது கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் ஃபோல்க்மார்.

"என் பெண்டாட்டி தச்சதுன்னு சொல்லுவேன். இன்னும் ரெண்டு நிமிஷம் கூடுதலா புகழுவேன்."

அவர் எழுந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். தையல் விட்டுப்போய், தொடவே பயந்து, அவர் ஒதுக்கி வைத்திருந்த மாட்டிகள் அதில் கிடந்தன. கறுப்பு ஒன்றை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். பக்கத்தில் மெழுகிட்ட சணல் நூல் உருண்டையையும் வைத்தார்.

"இது என்ன, வேலை வாங்கறியா? நான் ரிட்டையர் ஆயிட்டேன்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

இருவரும் ஜன்னலோரம் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர் மாட்டியைப் பிடித்துக்கொண்டார், அவள் ஊசியை விட்டாள்.

"மெதுவா இழு, தோல் கிழிஞ்சுடும்."

"தைக்கறது யாரு, நீயா நானா?"

"நீதான், நீதான்."

"அப்போ வாயை மூடிட்டு நேரா பிடி."

ஃபோல்க்மார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கேக்கை அவர்கள் தொடுவதாக இல்லை. ஆளுக்கொரு பெரிய துண்டாக வெட்டிக்கொண்டோம்.