உள்ளே இருப்பவர்கள்

தடுப்பூசி போட வந்த நர்ஸ் குளிர்பெட்டியின் மூடியில் கை வைத்தபடி, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். சாப்பாட்டு அறையின் மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை விலக்கி விலக்கிப் போட்டிருந்தார்கள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு ஊசியும் முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன. போட்டுக்கொள்ள வேண்டியவர் ஒரே ஒருவர். அவரைக் காணவில்லை. இது மூன்றாவது புதன்கிழமை.

"பைலட்டு ப்ளைட்ட எடுத்துட்டாரு போல," என்றார் சமையல்காரம்மா.

முதியோர் இல்லத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அவர் வைத்த பெயர் அது. கேட்டைப் பூட்டிய நாளிலிருந்து வண்டி ஓர் அடிகூட நகராததால் வைத்த பெயர்.

"மீசையப் பாத்தா புலி. ஊசியப் பாத்தா எலி," என்று அவரே தொடர்ந்தார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. மேனேஜர் அம்மா சிரிக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தார்.

"நீ போய்ப் பாரு. நீ கூப்பிட்டா வருவாரு."

அவள் மாடிக்குப் போனாள். எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கடைசி அறையில், படுக்கையோடு இருக்கும் கணக்கு வாத்தியாரின் கட்டிலருகே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"வந்துட்டியா. திருப்பணும்," என்றார்.

வாத்தியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். அவள் அந்தப் பக்கம் போனாள். விரிப்பின் ஓரத்தை இருவரும் உடம்போடு ஒட்டும்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இப்படிப் பிடித்தால் ஆளைத் தூக்க வேண்டியதில்லை. இழுத்தாலே திரும்புவார். மற்றவர்களோடு செய்யும்போது அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். பைலட்டோடு எண்ணுவதில்லை. அவர் "ம்" என்பார். வாத்தியார் சுவர்ப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்.

"கீழ என்ன, ஏலம் விடுறாங்களா?" என்றார் வாத்தியார்.

"இவருக்கு ஊசி சார்."

"எனக்கே போட்டாங்க. எதைக் காப்பாத்தப் போட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. உனக்கென்னடா?"

பைலட் வாத்தியாரின் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்குப் போய்விட்டது.

"வாங்கண்ணே. நர்ஸ் காத்துட்டு இருக்காங்க."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"பேச்சு மாறலயே நான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஒருத்தராலதான் கேட் திறக்கல. எனக்குப் புள்ள இருக்குண்ணே."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

அவர் விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். நீவிய இடத்தையே மறுபடியும் நீவினார்.

"இங்க இருந்தா நான் வேலைக்கு வந்திருக்கேன். அவ வீட்ல இருக்கா," என்றார். "அவ்வளவுதாம்மா."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஒரு மாதம் என்று சொல்லித்தான் கேட்டைப் பூட்டினார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னோர் இல்லத்தில் நோய் நுழைந்து பாதிக் கட்டில்கள் காலியான வாரம் அது. இருக்கிறவர்கள் உள்ளேயே இருங்கள், போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள் என்று ஊழியர்களிடம் சொன்னார் மேனேஜர் அம்மா. பாதிப் பேர் போனார்கள். அவளும் போயிருக்கலாம். ஒரு மாதம்தானே என்று நினைத்தாள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கணவன் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பொருத்துகிறவன். அந்த வாரம் போன ஊரிலேயே அவனும் மாட்டிக்கொண்டான். வழி திறந்த பிறகும் வேலை அவனை வெளியூரிலேயே வைத்திருந்தது. குழந்தை நாத்தனாரிடம் இருந்தது. பெண்கள் உடற்பயிற்சி அறையில் திரை கட்டிப் படுத்தார்கள். ஆண்கள் வராந்தாவில். காய்கறியும் மருந்தும் கேட்டுக்கு வெளியே ஒரு மேஜையில் வந்து இறங்கின. வைத்தவர் போன பிறகுதான் எடுக்கப் போவார்கள். மாதம் முடிந்தது. இன்னொரு மாதம் என்றார்கள். பிறகு மாதம் என்று சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

குழந்தை போனில் பேசக் கற்றது. முதலில் கையை ஆட்டியது. பிறகு திரையை நக்கியது. பிறகு ஒருநாள், "அம்மா, போன் அம்மா வந்துட்டாங்க," என்று நாத்தனாரைப் பார்த்துக் கத்தியது. நாத்தனார் பதறிப்போய், "நான் அத்தைடா, அவங்கதான் அம்மா," என்றாள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவங்க போன் அம்மா," என்று திருத்தியது. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அவளும் திருத்துவதில்லை. போன் அம்மா பேசறேன் என்றே ஆரம்பிக்கிறாள்.

பைலட்டுக்கு மனைவி இறந்த செய்தி வந்தது பூட்டிய நான்காவது மாதம். வெளியே போகிறவர் திரும்ப வர முடியாது என்பது அப்போதும் விதிதான். ஆனால் அவரைத் தடுத்தது அது அல்ல. சாலைகள் அடைத்திருந்தன. ஆஸ்பத்திரி யாரையும் உள்ளே விடவில்லை. எல்லாவற்றையும் நகராட்சி ஆட்களே முடித்துவிட்டு, முடித்துவிட்டோம் என்று போனில் சொன்னார்கள். அவர் ஆம்புலன்ஸில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். சமையல்காரம்மாதான் தட்டோடு போய்க் கண்ணாடியைத் தட்டினார். அதற்குப் பிறகு பைலட் மனைவியைப் பற்றிப் பேசவில்லை. யாராவது பேச்செடுத்தால், மிக்ஸி ரிப்பேரா இருக்குன்னு சொன்னா, போய்ப் பாக்கணும் என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். கேட்டவர் தரையைப் பார்ப்பார்.

அவள் கீழே இறங்கியபோது மேனேஜர் அம்மா தன் அறை வாசலில் நின்று கையசைத்தார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"வரலையா?"

அவள் பேசாமல் நின்றாள்.

"எனக்கு மேல இருந்து போன் மேல போன். எல்லா இல்லத்தையும் திறந்தாச்சு, நீங்க மட்டும் ஏன்னு கேக்கறாங்க. ஊழியர் அத்தனை பேரும் ரெண்டு ஊசி போட்டு, ரெண்டு வாரம் ஆயிருக்கணும். அதான் சட்டம். நான் என்ன பண்ண?" கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரு வழி இருக்கு. அவர் ஊழியரா இல்லன்னா, மிச்சம் எல்லாரும் போட்டவங்கதான். இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டா திங்கட்கிழமை கேட்டைத் திறந்துடலாம்."

திங்கட்கிழமை.

"இன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டாருன்னா?"

"ரெண்டாவதுக்கு நாலு வாரம். அப்புறம் ரெண்டு வாரம். மொத்தமா ஆறு வாரம் எல்லாரும் உக்காந்திருக்கணும். நீயும்தான்." மேனேஜர் அம்மா அவளை நேராகப் பார்த்தார். "நர்ஸ் டீ குடிக்கறாங்க. குடிச்சதும் கிளம்பிடுவாங்க. நீ சொல்லு. அவரோட வேலை பாக்கறவ நீதான். அனுப்பிடட்டுமா?"

அவளுடைய கைகளுக்கு எடை தெரியும். வாத்தியார் எவ்வளவு, மூன்றாம் அறை டெய்லர் அம்மா எவ்வளவு, போன மாதத்தைவிட யார் குறைந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தூக்கியதும் சொல்லிவிடுவாள். மகளின் எடை தெரியாது. நாத்தனார் போனில் ஒரு எண் சொன்னாள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருநாள் யாரும் இல்லாதபோது சின்ன அரிசி மூட்டை ஒன்றை இடுப்பில் தூக்கி வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய அதே எடை. ஆனால் மூட்டை இடுப்பைப் பற்றிக்கொள்ளவில்லை. இறக்கி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை என்றால் நடுவில் நான்கே நாள். போகும்போது என்ன உடுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது. போனில் பேசும்போது அடிக்கடி உடுத்தும் நீலப் புடவையையே உடுத்த வேண்டும். அப்போதுதான் அடையாளம் தெரியும்.

"அவர் எங்க மேடம் போவாரு?"

"வீடு இருக்கே."

"ஆமா," என்றாள். வீடு இருக்கிறது. மிக்ஸி ரிப்பேராக இருக்கிறது.

வெளியே டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் யாரிடமோ நன்றி சொன்னார்.

"அவர் போட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு மேடம்," என்றாள்.

"சொன்னாரா? அப்ப ஏன் இவ்வளவு நேரம் வாய மூடிட்டு நின்ன?"

"கூட்டிட்டு வரேன்."

படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். பைலட் அதே இடத்தில் நின்றிருந்தார். அவளுக்கு மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"இன்னைக்கே உங்களை வெளிய அனுப்பப் போறாங்க. இல்ல, கீழ வந்து போட்டுக்கிட்டா ஆறு வாரம் இங்க இருக்கலாம். சீக்கிரம் சொல்லுங்க."

"ஆறு வாரமா?"

"ஆமா."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

அவர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியார் கண்ணைத் திறக்காமல், "கேள்வி முடிஞ்சிருச்சுல்ல. விடைய எழுதுடா," என்றார்.

பைலட் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே படியிறங்கினார்.

சாப்பாட்டு அறையில் அவரைப் பார்த்ததும் சமையல்காரம்மா கை தட்டினார். "லேண்டிங்! எல்லாரும் தள்ளி உக்காருங்க." இந்த முறை பைலட்டும் கொஞ்சம் சிரித்தார். நர்ஸ் குளிர்பெட்டியை மறுபடி திறந்தார். பஞ்சால் துடைத்தார். ஊசி இறங்கியபோது பைலட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. பயந்தவர் இல்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அரை மணி நேரம் இங்கயே உக்காருங்க," என்றார் நர்ஸ். போகிற இடத்திலெல்லாம் சொல்வதைச் சொல்லும் குரல். "ராத்திரி காய்ச்சல் வரலாம். பயப்பட வேணாம். மாத்திரை தரேன். நிறையத் தண்ணி குடிங்க. வீட்ல பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?"

சமையல்காரம்மா சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பினார். மேனேஜர் அம்மா ஏதோ சொல்ல முன்னால் வந்தார்.

"இருக்காங்க," என்றார் பைலட்.

"அப்ப சரி," என்றார் நர்ஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கேட் அவருக்காகத் திறந்து, அவருக்குப் பின்னால் மூடியது.

அந்த அரை மணி நேரமும் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையை மடியில் வைத்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவர், "வலிக்கலம்மா," என்றார். அவள் தலையசைத்தாள்.

மதியம் உடற்பயிற்சி அறையில் தன் திரைக்குள் போய் உட்கார்ந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஆறு வாரம் என்றாள்.

"இன்னும் ஆறு வாரமா அண்ணி?"

"ஆமா."

"மூணாவது பொறந்தநாள் நடுவுல வருதே."

"வருது."

"பரவால்ல அண்ணி. நீங்க வந்தப்புறம் இன்னொரு தடவ கொண்டாடலாம். நான் பாத்துக்கறேன். நீங்க ஒன்னும் நினைக்காதீங்க." நாத்தனாரின் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டமாதிரி இன்னொன்றும் இருந்தது. நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. அவள் அந்த இன்னொன்றைக் கேட்காதவள்போல, "சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டா. தூங்க வைக்கறேன். இருங்க, பிடுங்கறா."

படம் ஆடியது. கூரையின் உத்தரம் தெரிந்தது. ஒரு காது, பிறகு மூக்கு. குழந்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலில் தன் பக்கத்தில் வைத்தது. தலையணையின் பூப்போட்ட ஓரம் தெரிந்தது.

"போன் அம்மா, தூங்கு."

"நீ தூங்கு கண்ணு. நான் பாத்துட்டு இருக்கேன்."

"இல்ல. நீ தூங்கு. பேசக் கூடாது."

போர்வையின் நுனி அவள் முகத்தை நோக்கி வந்தது. திரை மங்கியது. முழுக்க இருட்டாகவில்லை. பருத்தித் துணி, பழையது. அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் அதன் இழைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்களாக வந்துகொண்டிருந்தது. போனுக்கு மேல் ஒரு கை விழுந்தது. தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தட்டும்போதெல்லாம் கட்டங்கள் மறைந்து மறைந்து வந்தன. அவள் சத்தம் வராமல் தரையில் பக்கவாட்டாகப் படுத்து, போனைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டாள். மாடியில், வாத்தியாரைத் திருப்பும் நேரத்துக்கான மணி அடித்தது. படிப்பக்கம் பைலட்டின் செருப்புச் சத்தம் வந்து திரைச்சீலைக்கு வெளியே நின்றது. அவர் கூப்பிடவில்லை. தட்டும் கை மெதுவானது. ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு கை எடுக்காமல் அப்படியே போர்வையின் மேல் கிடந்தது. அதன் விரல்களைச் சுற்றி மட்டும் வெளிச்சம் இருந்தது.