ஒரு சுவர், நாலு அறிக்கை

1991 ஐப்பசி மழையில் எங்கள் கம்பெனியின் பின்பக்கச் சுவர் விழுந்தது. ஒரகடம் பக்கத்தில் சுவர் விழுவது பெரிய விஷயமில்லை. நேற்றுவரை நெல் விளைந்த மண்ணில் லாரி லாரியாக கிராவல் கொட்டி, அது இறுகுவதற்குள் சுவர் எழுப்பினால் அது விழத்தான் செய்யும். ஆனால் எங்கள் சுவர் ஏன் விழுந்தது என்று எழுதுவதற்கு ஒரு எம்.ஏ. தேவைப்பட்டது.

அந்த எம்.ஏ. தமிழ்வாணன். பர்சனல் டிபார்ட்மென்டில் எனக்கு அடுத்த மேஜை. கம்பெனி அறிக்கைகள் தொழிலாளிக்கும் புரியும்படி தமிழில் இருக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு நாள் ஆசை வந்ததில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் எழுதுவார், நான் டைப் அடிப்பேன். நான் மஞ்சுளா, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எம்.ஏ. இல்லை என்பதை அவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு நினைவுபடுத்துவார். மனுஷர் கெட்டவர் இல்லை. படித்ததைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான்.

சுவர் விழுந்த அன்று அந்தப் பக்கம் காவலுக்கு இருந்தவர் தணிகாசலம். இந்தக் கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர்களில் ஒருவர். வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லி நிலத்தை வாங்கினார்கள். வேலை கொடுத்தார்கள், நிரந்தரம் மட்டும் ஆக்கவில்லை. தன் பழைய கழனியையே காக்கி உடுப்பு போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஜி.எம். வந்து, விழுந்த சுவரைப் பார்த்து, "அந்த வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புங்க!" என்று கத்தினார். முன்பென்றால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம்தான் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து ஜப்பான் முறை என்று பயிற்சி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எது நடந்தாலும் முதலில் அறிக்கை, பிறகுதான் நடவடிக்கை. ஐந்து முறை 'ஏன்' கேட்டால் உண்மை தானாக வெளியே வந்துவிடுமாம். ஆகவே பர்சனல் மேனேஜர் ரகுபதி தமிழ்வாணனைக் கூப்பிட்டு அறிக்கை கேட்டார்.

அன்று மத்தியானமே தணிகாசலம் எங்கள் மேஜைக்கு வந்தார். கையெல்லாம் காய்ப்பும் சிராய்ப்பும்.

"சார், தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்துடு சார். மூணு நாள் சஸ்பெண்டு. அதோட போச்சு. போன வருசம் மெயின் கேட் யாக்கோபு அப்டிதான் எழுதிக் குடுத்தான். இப்ப ஜம்முனு கீறான்."

"நீங்க தூங்கினீங்களா?"

"எங்க சார் தூங்கறது? மய கொட்டிக்கினு கீது, தண்ணி செவுத்துல முட்டிக்கினு நிக்குது. கடப்பாறய எடுத்தாந்து கேன்டீனாண்ட கால்வாயத் தோண்டிக்கினு இருந்தேன். அதுக்குள்ள வுயுந்துட்ச்சி."

"அப்ப பொய் எழுதச் சொல்றீங்களா? உங்க பக்கம் நியாயம் இருக்குது தணிகாசலம். அதைச் சரியான அமைப்புல எழுதிட்டா எவனாலயும் மறுக்க முடியாது."

"நாயம் கீது சார். வேலயும் இருக்கணுமே."

தமிழ்வாணன் சிரித்தார். கட்டுரைக்கு எத்தனை வகை அமைப்பு உண்டு என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தார். தணிகாசலம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

முதல் அறிக்கை கால வரிசையில் வந்தது. தணிகாசலம் பணிக்கு வந்தார். பின்னர் கொண்டுவந்த சோற்றை உண்டார். பின்னர் மழை வலுத்தது. பின்னர் கடப்பாறை எடுத்தார். பின்னர் சுவர் விழுந்தது. அடித்து முடித்துப் படித்தபோது எனக்கே திக்கென்றது.

"சார், இதப் படிச்சா இவரே கடப்பாறையால இடிச்சுத் தள்ளின மாதிரி இருக்கே!"

அவரும் படித்துப் பார்த்தார். கிழித்துப் போட்டார்.

இரண்டாவது, ஒப்பீடு. தணிகாசலத்தையும் யாக்கோபுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒருவர் மழையில் நனைந்து உழைத்தார், மற்றவர் காவல் கூண்டுக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அழகாக எழுதியிருந்தார். ரகுபதி சார் அதை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டார்.

"யாக்கோபு பக்கத்துச் சுவர் நிக்குதா?"

"நிக்குது சார். ஆனா அங்க தண்ணியே..."

"நிக்குதில்ல? அப்ப யாக்கோபுதான் நல்ல வாட்ச்மேன்."

மூன்றாவதுக்குத் தமிழ்வாணன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். காரண காரியம். ஐந்து 'ஏன்', ஐந்து பதில். சுவர் ஏன் விழுந்தது? தண்ணீர் தேங்கியதால். தண்ணீர் ஏன் தேங்கியது? கால்வாய் அடைபட்டதால். ஏன் அடைபட்டது? அதன் மேலேயே கேன்டீன் கட்டியதால். ஏன் அங்கே கட்டினார்கள்? ஜி.எம். அந்த இடத்தைக் காட்டியதால். அவர் ஏன் அந்த இடத்தைக் காட்டினார்? அவருடைய அறைக்குத் தாளிக்கும் வாடை எட்டாத இடம் அது ஒன்றுதான் என்பதால்.

உண்மையைச் சொன்னால், அதை அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கேன்டீன் வாசலில் ஜி.எம். பெயர் பொறித்த கல்லே இருக்கிறது. ஆனால் வரிசையாகத் தாளில் பார்ப்பது வேறு. தணிகாசலம் தப்பித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

நாங்கள் இருவரும் எதிரில் நிற்க, ரகுபதி சார் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரெண்டாவது ஏன்ல நிறுத்துங்க."

"அங்க நிறுத்தினா, கால்வாய் அடைச்சதைக் கவனிக்காத வாட்ச்மேன் மேல வரும் சார்."

"சரி, மூணாவதுல?"

"கேன்டீன் கட்டின கான்ட்ராக்டர் மேல வரும்."

"அவர் முதலாளியோட மச்சான்யா!"

"நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் ஜி.எம். சார்."

கொத்தவால்சாவடியில் பேரம் பேசுவதுபோல் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். எந்த 'ஏன்'னில் நின்றாலும் யார் தலையாவது உருண்டது. உருளக்கூடிய தலை தணிகாசலத்துடையது ஒன்றுதான். கடைசியில் ரகுபதி சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"யார் மேலயும் படாம எழுதற மாதிரி உங்க எம்.ஏ.ல ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

தமிழ்வாணன் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கு சார். சிக்கல் தீர்வு."

நாலாவது அறிக்கையில் மனிதர்களே இல்லை. சிக்கல்: பின்பக்கச் சுவர் நீரின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. தீர்வு: சுவருக்குப் பதில் முள்கம்பி வேலி. நீர் தடையின்றி வெளியேறும். பெரிய விளக்கு ஒன்று நட்டுவிட்டால் ஆள் காவலை நம்பியிருக்க வேண்டிய தேவையும் எழாது.

அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் என் விரல் நின்றது.

"இந்த வரி வேணுமா சார்?"

"தீர்வுன்னா முழுமையா இருக்கணும் மேடம். பாதியில விடக்கூடாது."

"அவர் வேலையைக் காப்பாத்தத்தானே எழுத ஆரம்பிச்சீங்க?"

"அவர் மேல தப்புன்னு இதுல ஒரு எழுத்து இருக்கா, காட்டுங்க பார்ப்போம்!"

இல்லைதான். அடித்துக் கொடுத்தேன்.

ஜி.எம்.முக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. சுவரைவிட வேலிக்குச் செலவு குறைவு. கேன்டீனில் கூட்டம் போட்டு, தமிழ்வாணனை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒரு ஹாட்பாக் பரிசு கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தணிகாசலமும் தட்டினார். மாசக் கடைசியோடு பின்பக்கக் காவல் பணியிடம் நீக்கப்படுகிறது என்ற உத்தரவு மறுநாள் வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

உத்தரவை வாங்க வந்தபோது தணிகாசலம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எம்மேல தப்பில்லேன்னு எழுதிக்கிறாங்களாம்மா?"

"ஆமாண்ணே. கொஞ்சம்கூட இல்லையாம்."

"அப்ப இன்னாத்துக்கு அனுப்புறாங்க?"

நான் அடுத்த மேஜையைப் பார்த்தேன். தமிழ்வாணன் தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மழையில் தண்ணீர் அறிக்கையில் எழுதியபடியே தடையின்றிப் போனது. ஆனால் உள்ளிருந்து வெளியே போகவில்லை. பக்கத்து ஏரியின் உபரி நீரெல்லாம் வெளியிலிருந்து வேலிக்குள் புகுந்து, ஸ்டோரில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் அத்தனையும் கூழாகிவிட்டன. விளக்கு மட்டும் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. பார்த்து ஆள் கூப்பிடத்தான் யாருமில்லை.

இந்த முறை ஐந்து 'ஏன்' தேவைப்படவில்லை. சரக்கு ஏன் நனைந்தது? சுவர் இல்லாததால். சுவர் ஏன் இல்லை? தமிழ்வாணன் எழுதியதால். இரண்டிலேயே உண்மை வெளியே வந்துவிட்டது. விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ கொடுத்தார்கள். ஜி.எம். பழையபடி, "வீட்டுக்கு அனுப்புங்க!" என்று கத்தினார்.

தமிழ்வாணன் இரண்டு நாள் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊரில் வயதான பெற்றோர், கல்யாணமாகாத தங்கை. பாவமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே வரிதான் மேடம்."

"எந்த அமைப்புல சார்?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், நான் அடித்தேன். 'தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.'

ஜி.எம். அதைப் படித்துச் சிரித்தாராம். மூன்று நாள் சஸ்பென்ஷன். நாலாம் நாள் தமிழ்வாணன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி எங்களோடு கம்பெனி பஸ் ஏறினார்.

மார்கழியில் பின்பக்கம் மறுபடி சுவர் எழுப்பினார்கள். சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கம் போனபோது, செங்கல் சுமக்கும் ஆட்களில் தணிகாசலமும் இருந்தார். காக்கி இல்லை, தலையில் சும்மாடு. அது அவர் கழனியின் வரப்பு இருந்த இடம்.

"இந்த வாட்டியாவது அடியில தண்ணி போக வழி விடறாங்களாண்ணே?"

"மேஸ்திரியாண்ட கேட்டேன். பிளான்ல இல்லியாம்." செங்கல்லை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நம்ம சார் தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்தாராமே?"

"ஆமாண்ணே."

"வேல கீதா?"

"இருக்கு."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு சும்மாட்டை எடுத்து உதறினார்.

"நான் சொன்னப்ப மட்டும் அது பொய்யின்னாரேம்மா!"

மேஸ்திரி அதட்டினார். தணிகாசலம் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த நடைக்குப் போனார்.