இந்த ஆண்டின் முதலிடம்

'மலைநாட்டில் சித்திரக்கதை விமர்சனம் என்னும் பெரும் பாரம் இன்று ஒற்றைத் தோளில் நிற்கிறது' என்று தன் ஆண்டிறுதிக் கட்டுரையை இராமகிருஷ்ணன் தொடங்கியபோது, அந்தத் தோளில் ஓர் ஈரத் துவாய் கிடந்தது. காயப்போடச் சொல்லி மனைவி பிரேமிளா கொடுத்து அரை மணியாகியிருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் மேல்மாடி வாடகை வீடு. ஆண்டு முழுக்க அவர் வாசித்தார். வாசித்ததையெல்லாம் வலைப்பூவில் விமர்சித்தார். சோறு மேசைக்கு வந்தால் தத்துவமும் கூடவே வரும்.

"ரெண்டு கட்டத்துக்கு நடுவுல உள்ள வெள்ளையிலதான் கதையே நடக்குது, பிரேமி."

"ரசம் ஆறுதுங்க."

அப்படிப்பட்டவள் டிசம்பரில் கண்டிக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கிவந்து கையில் கொடுத்தாள். "இத வாசிங்க. வாசிச்சிட்டு எங்கிட்டச் சொல்லுங்க." ஜப்பானியச் சித்திரநாவல், ஆங்கிலப் பதிப்பு, உள்ளே வசனமே இல்லை. புதுப் புத்தகம் எதுவானாலும் முதல் பக்கத்தில் தன் பெயர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் அவர் வாசிப்பார். ஒட்டினார். வாசித்தார். பெட்டியோடு ரயிலில் ஒரு பெண். பிறகு வீட்டு வாசல். பத்திரிகையால் முகத்தை மறைத்திருக்கும் கணவன். அவன் முன்னே அவள் வைக்கும் தேநீர். முடிவில் கலியாணப் படம், இருவரும் சிரிக்கிறார்கள். 'வீடு திரும்புதலின் காவியம்' என்று முதலிடம் கொடுத்தார். அவள் பின்னோக்கி நடப்பதுபோலத் தெரிந்ததைத் 'துணிச்சலான உத்தி' என்று பாராட்டவும் செய்தார்.

பிரேமிளா அந்தக் கட்டுரையை நின்றபடியே போனில் வாசித்தாள்.

"வந்திர்றாளா?"

"வந்திர்றா. அதுதானே அழகே!"

சனிக்கிழமை திகனையிலுள்ள அக்கா வீட்டுக்குப் போனாள். பையை ஓட்டோவரை தூக்கிக்கொடுத்தது அவரேதான். "என்னா பாரம்! அக்காவுக்குக் கல்லா கொண்டுபோற?"

புதுவருஷமும் கழிந்தது. போன் எடுத்தார். "எப்ப வர்ற?"

"நான் குடுத்த பொஸ்தகத்த எந்தப் பக்கத்துல இருந்து வாசிச்சீங்க?"

"முதல் பக்கத்துல இருந்துதான். இது என்னா கேள்வி?"

"ஜப்பான்காரங்க பொஸ்தகங்க அது. வலப்பக்கத்துல இருந்து வரணும், நம்ம கடைசிப் பக்கந்தான் அதுல முதல் பக்கம். தெரிஞ்சேதான் அப்பிடி எழுதுனீங்கன்னு ரெண்டு நாள் அழுதேன். பொறகுதான் விளங்கிச்சு. இப்ப அழுகையும் வரல்ல." போனை வைத்துவிட்டாள்.

மறுபக்கத்திலிருந்து புரட்டினார். கலியாணப் படத்தில் சிரிப்பு. தேநீர். பத்திரிகை. வாசல். பெட்டி. ரயில். அவள் முன்னோக்கித்தான் நடந்துகொண்டிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தப் பத்திரிகை மட்டும் தாழவேயில்லை.

ரயிலுக்குப் பிறகும் ஏதாவது இருக்காதா என்று ஒரு தாளைத் திருப்பினார். அவருடைய ஸ்டிக்கர்தான் இருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தார். 'நிறுத்துங்கள்! இது புத்தகத்தின் கடைசிப் பக்கம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஸ்டிக்கரை அதன்மேல், சரியாக நடுவில், ஒட்டியிருந்தார்.